நாவலரின் நற்பணிகளும் சாதி நோக்கும்: மதிப்பீட்டு முறை பற்றிய சில குறிப்புகள்

1

ஆறுமுக நாவலர் (1822–1879) பற்றி நமது நாட்டில் வெளிவந்துள்ள எழுத்துக்கள் தொகையாற் பெரியன. வரலாற்று நூல்கள், நினைவு மலர்கள், மாநாட்டுக் கட்டுரைகள், பாடநூற் பகுதிகள் எனப் பலவாறாகப் பரந்து கிடக்கும் அவற்றை ஒருசேர நோக்குமிடத்து, அவற்றுள் இரண்டு போக்குகள் மேலோங்கி நிற்பதைக் காணலாம். நாவலரைச் சமயங் காத்தவராகவும், மொழி வளர்த்தவராகவும், வசனநடையின் தந்தையாகவும் போற்றி, அவரது சாதி நோக்கினை ஓரிரு வாக்கியங்களில், 'அக்கால வழக்கம்' என ஒதுக்கிவிடுவது ஒன்று. அவரது சாதி நோக்கினையே முழுமுதற் சான்றாகக் கொண்டு, அவர் செய்த யாவும் வேளாள மேலாண்மைக்கான சூழ்ச்சி என முடித்துவிடுவது மற்றொன்று. முதலாவது போக்கு நீண்டகாலம் மேடையேறி வந்துள்ளது. இரண்டாவது போக்கு அதற்கு எதிர்வினையாக, நியாயமான சினத்தின் காரணமாகத் தோன்றியது.

இவை தம்முள் முற்றிலும் முரண்பட்டன போலத் தோன்றுமாயினும், அடிப்படையில் இரண்டும் ஒரே கணக்கு முறையைக் கைக்கொள்வன என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரு மனிதனின் நற்செயல்களை வரவாகவும் தீய கருத்துக்களைச் செலவாகவும் எழுதி, ஈற்றில் மிகுதி எவ்வளவு எனக் காணும் கடை ஏட்டு முறையே அது. ஒரு சாரார் மிகுதி உண்டென்கின்றனர். மறு சாரார் கடனே எஞ்சியுள்ளது என்கின்றனர். ஏடு ஒன்றுதான்.

சில காலத்துக்கு முன் நாவலரின் வசனநடை பற்றிய விரிவுரை ஒன்றின் முடிவில், மாணவர் ஒருவர் எழுந்து நம்மிடம் ஒரு வினாவினை எழுப்பினார். "நாவலர் தொடங்கிய பாடசாலையில் எனது பூட்டனாருக்கு இடம் கிடைத்திருக்குமா?" என்பதே அவ்வினா. அவரது குரலில் ஏளனம் இருக்கவில்லை. வகுப்பிலிருந்த ஏனையோர் தலைகுனிந்து தமது குறிப்பேடுகளை நோக்கினர். நாம் அன்று கூறிய விடை நமக்கே நிறைவு தருவதாயில்லை. அவ்வினாவை முன்வைத்து, சாதி வெறுப்பினை அல்லது சாதி இறுக்கத்தினைக் கொண்டிருந்த ஒரு பொதுமனிதரின் நற்பணிகள் அவர் பற்றிய நமது மதிப்பீட்டினை எவ்வாறு பாதிக்கவேண்டும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாவலரின் வாழ்க்கை வரலாற்றினை முழுமையாகக் கூறுவது இங்கு நமது எண்ணமன்று.

2

முதற்கண் நற்பணிகளைக் குறைத்துக் கூறாது நிரைப்படுத்திக் கொள்வோம். எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எதிர்கொள்ளாத விமர்சனம் விமர்சனமாகாது.

யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணைநின்ற நாவலர், 1847ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதலாவது சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டில், 1848 இல், மிஷன் பதவியைத் துறந்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் தமிழகஞ் சென்று, திருவாவடுதுறை ஆதீனத்தில் 'நாவலர்' என்னும் பட்டத்தைப் பெற்றதோடு, அச்சியந்திரம் ஒன்றையும் வாங்கி மீண்டார். அதன் பின்னர் பாலபாடங்கள், சைவ வினாவிடைகள், பெரியபுராண வசனம், பரிமேலழகர் உரையுடன் கூடிய திருக்குறட் பதிப்பு எனத் தொடர்ந்து வெளிவந்த நூல்கள், தமிழ்ப் பதிப்பு வரலாற்றிற் பிழையற்ற அச்சுக்கு ஓர் அளவுகோலாக அமைந்தன. மேனாட்டார் வழிவந்த நிறுத்தக்குறிகளைத் தமிழ் வசனத்திற் பரவலாகவும் ஒழுங்காகவும் கையாண்டு, வாக்கியத்தின் பொருளைக் கண்ணுக்குப் புலப்படுத்தியவர் அவர். 1864 இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையைத் தாபித்தார். இவற்றுக்கெல்லாம் தமது வாழ்நாளையும் பொருளையும் செலவிட்டார், இல்லறத்தை மேற்கொள்ளவில்லை, அரசாங்க உத்தியோகத்தை நாடவில்லை.

இவை யாவற்றினும் பார்க்க நமது பிரச்சினைக்கு நெருக்கமானது, அவரது இறுதிக் காலத்துப் பணியாகும். 1876 முதலாகச் சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும்பஞ்சம், இந்திய அரிசியை நம்பியிருந்த யாழ்ப்பாணத்தையும் வருத்திற்று. பஞ்சத்தோடு வாந்திபேதியும் பரவியது. அவ்வேளை, 1877 இல், நாவலர் கஞ்சித்தொட்டித் தருமத்தை ஏற்படுத்திப் பசித்தோருக்கு உணவளித்தார். அத்துடன் நில்லாது, மக்களின் துயரைப் பொருட்படுத்தவில்லை என அரசாங்க அதிபர் துவைனத்தின் நிருவாகத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். குடியேற்ற ஆட்சியின் மாகாணத் தலைவனைச் சுதேசி ஒருவர் பெயர் சுட்டிக் கண்டிப்பது அக்காலத்தில் எளிய செயலன்று.

இப்பணிகள் எவையும் கற்பனையல்ல. கஞ்சி குடித்தவன் உயிர்பிழைத்தான் என்பது உண்மை. பசியைத் தீர்த்த கையின் நோக்கம் யாதென ஆராய்வதற்கு முன், பசி தீர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மனிதரின் உயிர்வாழ்வுக்கான பொருளியல் நிபந்தனைகளிலிருந்து வரலாற்றை விளக்க முற்படும் மார்க்சியத்துக்கு, ஒரு குவளைக் கஞ்சியை எள்ளி நகையாடும் உரிமை இல்லை.

3

இனி மறுபக்கத்தை நோக்குவோம். நாவலரின் சாதி நோக்கு அவரது தனிப்பட்ட பழக்கவழக்கங்களில் மாத்திரம் வெளிப்பட்டதொன்றாயின், அதனை வாழ்க்கை வரலாற்றாசிரியருக்கு விட்டுவிடலாம். ஆனால் அது அவரது நூல்களிலே விதியாக வகுக்கப்பட்டுள்ளது. சிறுவருக்கும் பொதுமக்களுக்குமென அவர் வினாவிடை வடிவில் எழுதிய சமய நூல்களில், தீட்டு, நீராட்டு, உணவு ஆகியன பற்றிய ஆசாரங்கள் சாதி வேறுபாட்டினை ஏற்றுக்கொண்டே கூறப்படுகின்றன. வழக்கிலிருந்த ஒழுங்கு இங்கு அச்சிலேறி, பாடமாகி, மனனஞ் செய்யப்படுவதாகின்றது. கிராமத்துக்குக் கிராமம் வேறுபட்டும் நெகிழ்ந்தும் கிடந்த வழக்கம், பாடநூலாக்கப்பட்டதும் எங்கும் ஒரே தன்மைத்தான சைவ ஒழுக்கமாக உருப்பெறுகின்றது. இது சாதாரண மாற்றமன்று.

அவர் சமயத்தைச் சாதியினும் மேலாக மதித்தார் என அவர்பாற் பற்றுடையோர் எடுத்துக்காட்டுவதுண்டு. அது உண்மையேயாயினும், ஒன்றை மற்றொன்றின் மேல் வைப்பதனால் கீழே உள்ளது இல்லாது போய்விடுவதில்லை. சாதியை அதன் இடத்தில் வைத்து, அவ்விடத்தில் உறுதிப்படுத்தியும் இருக்கலாம்.

'அவர் தமது காலத்தின் பிள்ளை' என்பது வழமையாகக் கூறப்படும் சமாதானம். வரலாற்று நோக்கு என்ற பெயரிற் கூறப்படினும், இது வரலாற்றை அறியாத கூற்றாகும். நாவலர் பிறந்து ஓராண்டு கழியுமுன், 1823 இல், பிறந்தவர் இராமலிங்க அடிகள். இருவரும் தமிழர், இருவரும் சிவநெறியில் வளர்ந்தோர், இருவரும் பழைய நூல்களிற் பயின்றோர். 1867 இல் வடலூரிலே இராமலிங்கர் தொடங்கிய தருமச்சாலை சாதி, சமய வேறுபாடு பாராது பசித்தோருக்கு உணவளித்தது. நாவலரின் கஞ்சித்தொட்டிக்குப் பத்தாண்டுகள் முந்தியது அது. இராமலிங்கரின் பாடல்கள் 'அருட்பா' எனப்பட்டதை நாவலர் எதிர்த்தமையும், 1869 இல் அப்பிணக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றமையும் யாவரும் அறிந்தவை. ஆகவே மாற்றுக் குரல் ஒன்று அக்காலத்தில் இல்லாதிருக்கவில்லை. அது நாவலரின் செவிக்கு எட்டாமலும் இருக்கவில்லை. அவர் அதனோடு வாதிட்டார்.

தமிழுலகுக்கு வெளியே இன்னோர் ஒப்பீடும் பொருத்தமானது. நாவலர் வண்ணார்பண்ணையிற் பாடசாலை தொடங்கிய அதே 1848 இல், மராட்டிய நாட்டிலே பூனா நகரில் ஜோதிராவ் பூலே பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் மகர், மாங் முதலாய தீண்டப்படாதோரின் பிள்ளைகளுக்கும் பாடசாலைகளை அமைத்தார். மிஷன் கல்வியின் தாக்கம் இருவருக்கும் பொது. பாடசாலையே விடுதலைக்கு வழி என்ற நம்பிக்கையும் பொது. எனினும் ஒருவர் திறந்த கதவு யாருக்கென்பதும், மற்றவர் திறந்த கதவு யாருக்கென்பதும் வேறு வேறு.

எனவே காலம் என்பது ஒரு விளக்கமாகாது. ஒரே காலத்தினுள் ஒருவர் நின்ற இடம் எது, எந்த வர்க்கத்தின் கண்கொண்டு அவர் அக்காலத்தை நோக்கினார் என்பதே விளக்கம் வேண்டுவது. பூலே நின்ற இடம் பிராமண மேலாண்மையின் கீழ்ப்பட்ட உழைப்பாளர் சாதியின் இடம். நாவலர் நின்ற இடம் யாழ்ப்பாணத்துச் சமூக அதிகாரத்தின் நடுமையம்.

4

அவ்விடத்தின் தன்மையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒல்லாந்தர் 1707 இற் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத்து அடிமைமுறையைச் சட்டமாக ஏற்றுக்கொண்டிருந்தது. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரின் உழைப்பு நிலவுடைமையாளரான வேளாளரின் உரிமையாகக் கருதப்பட்டது. பிரித்தானியர் 1844 இலேதான் இலங்கையில் அடிமைமுறையைச் சட்டப்படி முற்றாக ஒழித்தனர். அப்பொழுது நாவலருக்கு வயது இருபத்தொன்று. சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கப்பட்டது அதற்கு நான்கு ஆண்டுகளின் பின்னராகும். சட்டம் அடிமையை விடுவித்தது. நிலம் அவனை விடுவிக்கவில்லை. காணியும் கிணறும் கோயிலும் பழைய கைகளிலேயே இருந்தன. அடிமைமுறை நீங்கிய இடத்திற் சாதி ஆசாரம் முன்னிலும் பெரும் பணியை ஏற்கவேண்டியதாயிற்று. சட்டத்தாற் கட்டுப்படுத்த இயலாததை வழக்கத்தாலும் சமயத்தாலும் கட்டுப்படுத்தல் அவசியமாயிற்று.

இதே வேளையில் மிஷன் பாடசாலைகள் மற்றுமொரு நெருக்கடியைத் தோற்றுவித்தன. ஆங்கிலக் கல்வியும் உத்தியோகமும் மதமாற்றத்தோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், வேளாளக் குடும்பங்கள் தமது பிள்ளைகளை முன்னேற்றவும் வேண்டும், தமது பண்பாட்டினைக் காக்கவும் வேண்டும் என்ற இரட்டைத் தேவைக்கு உள்ளாயின. நாவலரின் பாடசாலை, அச்சியந்திரம், பிரசங்கம், கண்டனம் ஆகிய யாவும் இத்தேவைக்கு விடையாக எழுந்தன. பாதிரிமாரின் கருவிகளைக் கொண்டே பாதிரிமாரை எதிர்கொண்டார் என்பது அவரது பெருந்திறன். குடியேற்றவாதத்தின் கருத்துநிலை ஆதிக்கத்துக்கு எதிரான எதிர்ப்பு என அதனை நாம் கொள்வது தவறன்று. ஆயின், அவ்வெதிர்ப்பு எந்தச் சமூகத்தின் பெயரால் நிகழ்ந்தது என்ற வினா அத்துடன் சேர்த்தே கேட்கப்படல் வேண்டும். அவர் காக்க முற்பட்ட 'சைவ சமூகம்' என்பது, சாதிப் படிநிலையுடன் கூடிய ஒரு முழுமையாகவே அவரது உள்ளத்தில் இருந்தது. படிநிலை குலைந்தாற் சமூகம் குலையும் என அவர் உண்மையாகவே நம்பினார்.

எனவே அவரது நற்பணியும் சாதி நோக்கும் இரு வேறு ஊற்றுக்களிலிருந்து பிறந்தவையல்ல. ஒரே வரலாற்றுத் தேவையின் இரு வெளிப்பாடுகளே அவை. பாடசாலை கட்டிய அக்கறையே ஆசார விதியையும் எழுதிற்று. இதனை உணர்ந்தால், ஒன்றை மற்றொன்றினாற் கழித்துவிடும் கணக்கு முறை பயனற்றுப் போவதைக் காணலாம். ஒரே நாணயத்தின் ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்திலிருந்து எவ்வாறு கழிப்பது?

கஞ்சித்தொட்டியையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். பஞ்சத்தில் முதலிற் பசிப்பவர் நிலமற்றவர். யாழ்ப்பாணத்தில் நிலமற்றோருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்தம் பசிக்கு இரங்குவது நாவலரின் சமூகநோக்குக்கு முரணானதன்று. அதன் கடமைகளுள் ஒன்று. நிலமானியச் சமூகத்தில் உயர்ந்தோன் தாழ்ந்தோனுக்கு அன்னமிடுவது அறம். இட்டபின்னும் உயர்ந்தோன் உயர்ந்தோனே. உண்டபின்னும் தாழ்ந்தோன் தாழ்ந்தோனே. தருமம் என்பது படிநிலையை நொறுக்காது அதன் கொடுமையைத் தணிக்கும் உபாயமாகவும் தொழிற்படக்கூடும். வடலூர்த் தருமச்சாலையை இதனின்றும் வேறுபடுத்துவது, உணவிடும் செயலிலேயே சாதியை மறுக்கும் கொள்கை உள்ளடங்கியிருந்தமையாகும். இரு இடங்களிலும் உணவே வழங்கப்பட்டது. ஆனால் அவ்விரு உணவுகளும் இரு வேறு சமூகங்களைக் கற்பனை செய்தன.

இத்துடன் ஒன்று கூறல் வேண்டும். நாவலர் தமது சாதியாரின் கையாளாக மாத்திரம் இருந்தாரல்லர். 'யாழ்ப்பாணச் சமயநிலை'யில் கோயில்களின் சீர்கேட்டையும், தகுதியற்ற அருச்சகரையும், சமயக் கடமையிற் தவறிய செல்வரையும் அவர் தாட்சணியமின்றிச் சாடினார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிருவாகத்தினருடன் பிணங்கினார். தமது சமூகத்தைத் தாமே கண்டிக்கும் துணிவு அவரிடம் இருந்தது. ஆனால் அத்துணிவு ஆகம ஒழுங்கிலிருந்து விலகியோரை நோக்கியே திரும்பியது. அவ்வொழுங்கின் அடியில் நசுங்கியோரை நோக்கித் திரும்பவில்லை. துணிவில்லாத ஒருவரிடம் இக்குறையைக் கண்டிருந்தால், அச்சம் எனக் கூறி அமையலாம். துணிவுடையாரிடத்து அதனைக் காணும்போது, அது தேர்ந்துகொண்ட நிலைப்பாடு என்றே கொள்ளல் வேண்டும். இவ்வகையில் அவரது நற்பண்பு அவரது குறையை மென்மையாக்காது மேலும் தெளிவாக்குகின்றது.

5

இவ்விடத்து இலக்கிய மாணவர் ஒருவர் தடை எழுப்பலாம். பல்சாக் முடியாட்சியிற் பற்றுக்கொண்டவர். எனினும் அவரது நாவல்கள் அவரது அரசியற் சார்பையும் மீறி, பிரபுக்களின் வீழ்ச்சியைத் தவிர்க்கவியலாததாகக் காட்டின என ஏங்கல்ஸ் 1888 இல் எழுதிய கடிதமொன்றிற் குறிப்பிட்டார். ரோல்ஸ்ரோயின் போதனையிற் பிற்போக்கான கூறுகளைச் சுட்டிய லெனின், 1908 இல் அவரை ரஷ்யப் புரட்சியின் கண்ணாடி என்றார். அவ்வாறாயின் நாவலரின் எழுத்தும் அவரது சாதி நோக்கினை மீறிச் சென்றதெனக் கூறலாகாதோ?

தடை நியாயமானது. ஆயின் ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பல்சாக்கிடம் ஏங்கல்ஸ் கண்டது நற்செயலை அன்று. படைப்பினுள் யதார்த்தம் பெற்ற வெற்றியை. ஆசிரியரின் விருப்பத்துக்கு எதிராக உண்மை தன்னை எழுதிக்கொண்ட நிலை அது. நாவலரிடத்தும் அத்தகைய ஓர் இடம் உண்டெனில், அதனைப் பெரியபுராண வசனத்திலேயே தேடுதல் வேண்டும். புலையராகிய திருநாளைப்போவார், வண்ணாராகிய திருக்குறிப்புத்தொண்டர், பரதவராகிய அதிபத்தர், பாணராகிய திருநீலகண்ட யாழ்ப்பாணர் எனப் பல குலத்தோரும் அடியாராக உயர்த்தப்படும் காவியத்தை, செய்யுளின் பூட்டை நீக்கி, எழுத்தறிந்த எவரும் வாசிக்கத்தக்க வசனமாக அவர் ஆக்கிவைத்தார். கோயில் வாயிலில் நின்று ஏங்கிய புலையரின் கதையைப் பாடசாலைப் பிள்ளையும் படிக்கலாயிற்று. அதேவேளை, அப்புலையரின் வழிவந்தோருக்கு யாழ்ப்பாணத்துக் கோயிற் கதவுகள் அடைபட்டே கிடந்தன. கதை பரவியது, கதவு திறக்கவில்லை. இம்முரண்பாட்டை நாவலர் உணர்ந்து எழுதினாரல்லர். ஆனால் அவர் அச்சிட்ட நூலில் அது கிடக்கின்றது. படிப்பவர் எவரும் அதனை எடுத்துக்கொள்ளலாம்.

வசனநடையின் பின்வரலாறு இதனிலும் சிக்கலானது. நாவலர் செம்மைப்படுத்திய வசனம் ஒருபுறம் ஈழத்துக் கல்வியுலகின் பொதுவுடைமையாயிற்று. மறுபுறம், அதன் செம்மையே ஓர் ஆயுதமாகவும் பயன்பட்டது. 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது, ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுமொழியைப் படைப்பிற் கையாண்ட எழுத்தாளரின் ஆக்கங்கள் 'இழிசனர் இலக்கியம்' எனப் பழிக்கப்பட்டன. அவ்வாறு பழித்த மரபுவாதிகள் நாவலர் மரபின் காவலராகவே தம்மைக் கருதினர். சாதியின் சொல்லகராதியே இலக்கணத்தின் சொல்லகராதியாக அங்கு வெளிப்பட்டமையை நாம் மறத்தலாகாது.

எனினும் வரலாறு அத்துடன் முடியவில்லை. பாடசாலையிற் சாதி இழிவுக்கு ஆளாகிக் கல்வியை இடையிற் கைவிட நேர்ந்த டொமினிக் ஜீவா, 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதியைத் தந்ததோடு, 1966 முதல் 'மல்லிகை'யைப் பல தசாப்தங்கள் நடத்தினார். கே. டானியல் 1972 இல் 'பஞ்சமர்' நாவலை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் வசனம் அதுவரை தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருந்த மனிதரை அவர்கள் அதன் நடுவே கொணர்ந்து நிறுத்தினர். அச்சு, வசனம், சஞ்சிகை, நூல் என நாவலர் தமது சமூகத்துக்காகக் கட்டிய கருவிகள் அவர் எண்ணியிராத கைகளை அடைந்தன. இதற்கான பெருமையை நாவலருக்கு வழங்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது நீதியன்று. கருவியை ஆக்கியவனுக்கு ஆக்கியதற்கான பெருமை உரியது. மறுக்கப்பட்ட கருவியைப் போராடிப் பெற்று, அதற்குப் புதிய பயனை அளித்தவனின் பெருமை அவனுக்கே உரியது.

6

இறுதியாக, நம்மையே நாம் நோக்குதல் வேண்டும். நாவலரைத் தேசிய விழிப்புணர்வின் முன்னோடியாக நிலைநாட்டியதில் முற்போக்கு விமர்சனத்துக்குப் பெரும் பங்குண்டு. சமயவாதிகள் சமய குரவர் போன்று வழிபட்ட ஒருவரை, வரலாற்றின் ஒளியில் நிறுத்தி, குடியேற்ற எதிர்ப்பின் தொடக்கத்தை அவரிடம் இனங்கண்டமை பயனுள்ள பணியே. ஆனால் அப்பணியின்போது சாதி பற்றிய வினாவை நாம் பின்னுக்குத் தள்ளினோம். பரந்த தேசிய முன்னணி ஒன்றின் தேவை, முரண்பாடுகளுள் எது பிரதானம் என்ற விவாதம் எனப் பல நியாயங்கள் அதற்கு இருந்தன. அந்நியாயங்களைக் கூறியோருட் பெரும்பாலோர் எந்தச் சாதியிற் பிறந்தோர் என்பதை நாம் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தல் இங்கு பயன்தரும். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1957 இல். சட்டம் இருந்தும் கதவுகள் திறவாமையால், 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி எழுச்சி ஊர்வலம் புறப்பட்டது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். மறு ஆண்டு, 1969 இல், நல்லூரில் நாவலருக்குச் சிலை எழுந்தது. 1971 இல் அவரது உருவந் தாங்கிய முத்திரை வெளிவந்தது. சிலை எழுப்பியோர் யாவரும் கதவடைத்தோர் எனக் கூறுவது அவதூறாகும். ஆயினும், கதவடைப்புக்கும் சிலையெழுப்புதலுக்கும் இடையே ஓராண்டே கழிந்திருந்தது என்பதும், அவ்விடைவெளியைப் பற்றி விழா மேடைகள் பேசவில்லை என்பதும் சிந்திக்கத்தக்கன. ஒரு மனிதரின் நற்பணிகளை இடைவிடாது பேசுதல் சிலவேளைகளில் வேறொன்றைப் பேசாதிருப்பதற்கான வழியாகவும் அமைந்துவிடுகின்றது.

இப்பிரச்சினை நாவலரோடு நின்றுவிடுவதுமன்று. 1879 இற் சட்டநிரூபண சபைக்கு நாவலர் ஆதரித்து அனுப்பிய பொன்னம்பலம் இராமநாதன், பின்னாளில் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரியையும், திருநெல்வேலியிற் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். அவரே டொனமூர்க் குழுவினர் பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர். 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டது அப்பரமேஸ்வராக் கல்லூரி மனையிலேயே. வாக்களிக்கும் தகுதி அற்றவரென அவர் கருதியோரின் பேரப்பிள்ளைகள் இன்று அம்மண்டபங்களில் அமர்ந்து பட்டம் பெறுகின்றனர். கொடையாளி கொடையின் எல்லையைத் தீர்மானிப்பதில்லை, போராட்டமே தீர்மானிக்கின்றது.

ஆகவே, நற்பணிகள் நமது மதிப்பீட்டினைச் சிக்கலாக்குகின்றனவா என்ற வினாவுக்கு நமது விடை: ஆம், சிக்கலாக்குகின்றன, சிக்கலாக்கவும் வேண்டும். ஆனால் சிக்கலாக்குதல் வேறு, மன்னித்தல் வேறு. சாதி இறுக்கம் கொடியவரிடத்தும் அறிவிலிகளிடத்தும் மாத்திரம் வாழ்வதன்று. தன்னலம் அற்றவரிடத்தும், கல்வியிற் சிறந்தவரிடத்தும், பசித்தோருக்கு இரங்குபவரிடத்தும் அது வாழவல்லது என்பதை நாவலரின் நற்பணிகள் நமக்கு உணர்த்துகின்றன. அவர் தீயவராக மாத்திரம் இருந்திருப்பின் அவரது ஆசார விதிகளை எவரும் மனனஞ் செய்திரார். அவரது நற்பணிகள் ஈட்டிய நம்பிக்கையின் வழியாகவே அவ்விதிகள் வீடுகளுட் புகுந்தன. எனவே நற்பணிகளைக் கற்பது அக்கொடுமையின் வலிமையைக் கற்பதற்கும் இன்றியமையாதது. மன்னிக்கும் உரிமை விமர்சகனிடத்து இல்லை. அது வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோருக்கும் அவர்தம் வழிவந்தோருக்கும் மாத்திரம் உரியது. அவர்கள் மன்னிக்கவேண்டும் என எதிர்பார்க்கவும் நமக்கு உரிமையில்லை.

2022 இல் நாவலர் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைவெய்தின. அவரது வசனத்தை நாம் தொடர்ந்து கற்பிப்போம், கற்பிக்கவும் வேண்டும். கற்பிக்கும்போது சைவ வினாவிடையின் அப்பகுதிகளையும் பெரியபுராண வசனத்தின் திருநாளைப்போவார் சரித்திரத்தையும் ஒரே பாடவேளையில் அருகருகே வைத்துக் கற்பிப்போமாக. அம்மாணவர் எழுப்பிய வினாவுக்கு நாம் அன்றே நேராகக் கூறியிருக்கவேண்டிய விடை, 'இடம் கிடைத்திராது' என்பதாகும். அன்று நாம் அதனைக் கூறவில்லை. நாவலரின் ஏனைய பணிகளைப் பற்றிப் பேசினோம். அவ்வாறு பேசியது நமது பிழை என்பதை இங்கு பதிவு செய்கின்றோம். அவ்விடையை முதலிற் கூறிய பின்னரே ஏனையவற்றைப் பேசுவதற்கு நாம் தகுதி பெறுகின்றோம்.